ஆலிஸ் அடுக்கு: முதற்பெயர்வழி நூற்பகுப்பு குறித்து ஓர் ஆய்வு

முதற்பெயர்வழி நூற்பகுப்பு என்பது, புத்தகங்களின் பொருள், மொழி, காலம், ஆசிரியர் ஆகிய எதையும் பாராமல், தலைப்பில் நிற்கும் முதற்பெயரை மட்டும் பார்த்து அவற்றை ஓரிடத்தில் சேர்க்கும் முறை. நாவலும் சமையல் குறிப்பும் குவாண்டம் இயற்பியலும் இம்முறையில் ஒரே அடுக்கில் தோளோடு தோள் உரசி நிற்கும். எம்மா, ரெபெக்கா, டேவிட் என்று இதற்குத் தகுதியுள்ள பெயர்கள் பல உள. ஆயினும் நூல்வகைகளின் பரப்பு, கையெழுத்துப் பிரதி விற்ற விலை, பெயர் தாங்கியவர் பெற்ற பட்டம் ஆகிய மூன்றிலும் முந்தி நிற்பது 'ஆலிஸ்' என்பதால், இவ்வாய்வு அந்தப் பெயரை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

இன்றைய நூலகங்கள் ஆலிஸ்களைப் பிரித்தே வைத்திருக்கின்றன. மெல்வில் டியூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பின்படி லூயிஸ் கரோலின் ஆலிஸ் ஆங்கிலப் புனைகதைக்குரிய 823இல் இருக்கிறாள். பூத் டார்க்கிங்டனின் ஆலிஸ் அமெரிக்கப் பெண் என்பதால் 813க்குப் போகிறாள். ஆலிஸ் பி. டோக்லஸின் சமையல் புத்தகம் 641இல். குவாண்டம் உலகில் நுழைந்த ஆலிஸ் 530இல். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளை நாலு ஊர் விடுதியில் சேர்த்த கதைதான். சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகி, 1933இல் கோலன் பகுப்பை வெளியிட்ட எஸ். ஆர். ரங்கநாதனும் இவ்விஷயத்தில் கைகொடுக்கவில்லை. எந்த நூலின் பொருளையும் ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்று ஐந்து முகங்களாகப் பிரிக்கலாம் என்று காட்டியவர் அவர். 'ஆளுமை' என்ற முதல் முகத்தைக் கண்டதும் இத்துறை மாணவர் துள்ளிக் குதிப்பது இயல்பு. ரங்கநாதன் அங்கே குறித்தது பாடப்பொருளின் மையக் கூற்றை. ஆளின் பெயரை அன்று. ஆகவே 'பெயர்' என்ற ஆறாம் முகம் சேர்க்கப்பட வேண்டும் என்பது இவ்வாய்வின் முதற் கோரிக்கை. வாசகரின் நேரத்தைச் சேமிக்கவேண்டும் என்பது அவருடைய நான்காம் விதி. தலைப்பில் ஆலிஸ் என்று ஏதோ வரும் என்பது மட்டும் நினைவில் உள்ள வாசகருக்கு இதைவிடப் பெரிய சேமிப்பு வேறில்லை.

ரங்கநாதன் நூலகர் ஆவதற்கு முன் கணித ஆசிரியர். லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில் எழுதிய சார்லஸ் லட்விஜ் டாட்ஜ்சனும் கணித விரிவுரையாளர். 1855 முதல் 1857 வரை ஆக்ஸ்போர்டு கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் துணை நூலகராகவும் இருந்தார். கணிதமும் நூலகமும் ஒருவரிடத்தில் கூடினால் ஒன்று பகுப்பு முறை பிறக்கிறது, அல்லது கடிகாரம் பார்க்கும் முயல் பிறக்கிறது. எது எப்போது பிறக்கும் என்பது தனி ஆய்வுக்குரியது.

எல்லை

ஒரு நூல் இவ்வடுக்கில் ஏற இரண்டு நிபந்தனைகள். ஆலிஸ் என்னும் சொல் தலைப்பில் இருக்கவேண்டும். ஆசிரியர் பெயரில் இருப்பது கணக்கில் வராது. இரண்டாம் நிபந்தனையால் 2013இல் நோபல் பரிசு பெற்ற ஆலிஸ் மன்றோவும், 'த கலர் பர்ப்பிள்' எழுதிய ஆலிஸ் வாக்கரும் வாசலிலேயே நிறுத்தப்படுகிறார்கள். கொடுமைதான். ஆனால் பின்னர் வரும் எழுதுகோல் விதிக்கு இவர்கள் வெளியே நிற்பதே வலுவான சான்றாகிறது.

இனி உரையாசிரியர் மரபில் ஒரு தடையும் விடையும். தடை: கணினித் துறையினர் தினமும் பேசும் ஆலிஸ் ஒருத்தி உண்டே, 1978இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் வெளியிட்ட மறையீட்டுக் கட்டுரையில் ஆலிஸும் பாபும் கடிதம் மாற்றிக்கொண்ட நாள் முதல், பாடநூல் தோறும் அவள் பாபுக்கு எழுதிக்கொண்டிருக்கிறாளே, அவளைச் சேர்க்காதது ஏன்? விடை: அவள் பெயர் தலைப்பில் இல்லை என்க. அன்றியும், அவள் எழுதுவது பாபைத் தவிர வேறு யாருக்கும் புரியக்கூடாது என்பதே அத்துறையின் நோக்கம். யாரும் படிக்கமுடியாதபடி எழுதும் ஆலிஸுக்கு நூலகத்தில் என்ன வேலை?

மொழிபெயர்ப்புகளில் பெயர் மாறாதவை உள்ளே வரும், மாறியவை வெளியே. விளாதிமிர் நபக்கோவ் 1923இல் கரோலின் கதையை ருஷ்ய மொழிக்குக் கொண்டுபோனபோது ஆலிஸை 'ஆன்யா' ஆக்கிவிட்டார். இலக்கிய நயம் பற்றி இங்குக் கேள்வி இல்லை. ஆன்யாவுக்கு வேறு அடுக்கு தேடவேண்டும்.

மூல நூலும் அதற்கு மூத்ததும்

அடுக்கின் தலைமகள் கரோலின் ஆலிஸ் என்பது பொதுவான எண்ணம். வயதுப்படி பார்த்தால் அது தவறு. எட்வர்ட் புல்வர்-லிட்டனின் 'ஆலிஸ், ஆர் த மிஸ்டரீஸ்' 1838இலேயே வந்துவிட்டது. அது முந்திய ஆண்டு வந்த 'எர்னஸ்ட் மால்ட்ராவர்ஸ்' என்ற நாவலின் தொடர்ச்சி. முதற்பாகம் ஆண் பெயரில், இரண்டாம் பாகம் பெண் பெயரில். இன்று அதைத் தேடிப் படிப்பவர் அரிது. மூத்தோர் என்ற மரியாதையுடன் அடுக்கின் இடக்கோடியில் அதை வைத்துவிட்டு நகரலாம்.

1862 ஜூலை 4ஆம் நாள் டாட்ஜ்சன் தம் நண்பர் ராபின்சன் டக்வொர்த்துடன் மூன்று சிறுமிகளைப் படகில் ஏற்றிக்கொண்டு தேம்ஸில் போனார். சிறுமிகள் கல்லூரித் தலைவர் ஹென்ரி லிடெலின் பெண்கள். லிடெல், ஸ்காட் என்பவருடன் சேர்ந்து கிரேக்க அகராதி தொகுத்தவர். சொற்களை வரிசைப்படுத்துவதே அந்த வீட்டுத் தொழில். நடுப்பெண் ஆலிஸுக்கு அப்போது வயது 10. படகில் சொன்ன கதையை எழுதித் தரும்படி அவள் கேட்க, டாட்ஜ்சன் தம் கையால் எழுதி, தாமே படமும் வரைந்து, 1864 நவம்பரில் கொடுத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதியின் பெயர் 'ஆலிஸஸ் அட்வெஞ்சர்ஸ் அண்டர் கிரவுண்ட்'. அடுத்த ஆண்டு மாக்மில்லன் அச்சிட்டபோது அது 'வொண்டர்லேண்ட்' ஆயிற்று. படம் வரைந்த ஜான் டெனியலுக்கு அச்சு பிடிக்காமல் போனதால் முதலில் அடித்த 2,000 பிரதிகள் திரும்பப் பெறப்பட்டன. தலைப்பில் அண்டர் கிரவுண்ட் போய் வொண்டர்லேண்ட் வந்தது, ஓவியர் ஒரு பதிப்பையே நிறுத்தினார்; இத்தனைக்கும் நடுவில் ஆலிஸ் என்ற சொல்லை யாரும் தொடவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

சிறுமி வளர்ந்து, மணமாகி, திருமதி ஹார்க்ரீவ்ஸ் ஆனார். 1928இல் அந்தக் கையெழுத்துப் பிரதியை ஏலத்தில் விற்றார். விலை 15,400 பவுன். அது அமெரிக்காவுக்குப் போய், 1948இல் அமெரிக்கர் சிலரின் நன்கொடையாகப் பிரிட்டனுக்கே திரும்பிவந்தது. போரில் பிரிட்டன் தாக்குப்பிடித்ததற்கு நன்றி என்பது அவர்கள் சொன்ன காரணம். கரோலின் நூற்றாண்டான 1932இல், 80 வயதை நெருங்கிய திருமதி ஹார்க்ரீவ்ஸை நியூயார்க்கிற்கு அழைத்துக் கொலம்பியா பல்கலைக்கழகம் கௌரவ இலக்கிய முனைவர் பட்டம் அளித்தது. ஆய்வேடு இல்லை, நெறியாளர் இல்லை, வாய்மொழித் தேர்வு இல்லை. ஒரு கதைக்குள் தம் பெயரைக் கடன் கொடுத்ததற்காக வந்த பட்டம் அது. முதற்பெயர்வழி ஆய்வுக்குப் பல்கலைக்கழக ஏற்பு இல்லை என்று குறை கூறுவோர் இதை நினைவிற்கொள்க.

இந்த ஒரு வேரிலிருந்து கிளைத்தவை ஏராளம். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்காகக் கரோலே சுருக்கி, டெனியலின் 20 படங்களுக்கு வண்ணம் சேர்த்து வெளியிட்ட 'த நர்சரி ஆலிஸ்' ஒன்று. அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் 1960இல் வெளியிட்ட 'த அனொட்டேட்டட் ஆலிஸ்' மற்றொன்று. இது கரோலின் இரு கதைகளுக்கும் ஓரத்தில் உரை எழுதிய நூல். ஒவ்வொரு வேடிக்கைக்கும் எது வேடிக்கை என்று விளக்கம் உண்டு. கார்ட்னர் 1990இலும் 1999இலும் மேலும் குறிப்புகளைச் சேர்த்தார். உரை வளர்வது உரைக்கு இயல்பு; பரிமேலழகரைப் படித்தவர்களுக்கு இது புதிதன்று.

பெயரின் இலக்கணம்

நன்னூல் வழி நின்றால், பெயர் இடுகுறி, காரணம் என இருவகைப்படும். ஆலிஸ் எவ்வகை? இக்கேள்வியை முதலில் எழுப்பியது கரோலின் இரண்டாம் ஆலிஸ் நூலான கண்ணாடிக் கதையில் வரும் முட்டை மனிதன் ஹம்ப்டி டம்ப்டி. தன் பெயர் தன் வடிவத்தைச் சொல்வது, ஆகவே காரணப்பெயர் என்பது அவன் கட்சி. ஆலிஸ் என்ற பெயரோடு ஒருத்தி எந்த வடிவத்திலும் இருக்கலாமே என்று அவன் குறைப்பட்டுக்கொள்கிறான். இவ்வடுக்கைப் பார்க்கும்போது ஹம்ப்டி டம்ப்டியின் குறை நியாயமே என்று தோன்றுகிறது. ஆலிஸ் எந்த வடிவத்திலும் இருக்கிறாள்: சமையல் புத்தகமாகவும் ஊராகவும் நோயாகவும்.

அதே நூலில், பெயர்கள் எல்லாம் மறந்துபோகும் காடு ஒன்று வருகிறது. அதற்குள் போன ஆலிஸுக்குத் தன் பெயரே நினைவில் இல்லை. அது 'எல்' என்ற எழுத்தில் தொடங்கும் என்று மட்டும் உறுதியாகச் சொல்கிறாள். லிடெல் என்ற குடும்பப்பெயரை இது குறிக்கும் என்பது பொருத்தமான ஊகம். அடுக்கின் மிக ஆழமான கிளை இந்தக் காட்டிலிருந்துதான் பிரிகிறது. அதை மறதிக் கிளை என்று குறிக்கலாம். 2009இல் ஆஸ்திரேலிய எழுத்தாளர் லியான் மொரியார்ட்டி எழுதிய 'வாட் ஆலிஸ் ஃபர்காட்' நாவலில் ஆலிஸ் உடற்பயிற்சிக் கூடத்தில் விழுந்து எழுந்தபோது வாழ்க்கையின் 10 ஆண்டுகள் நினைவிலிருந்து போய்விட்டன. பெற்ற பிள்ளைகளைத் தெரியவில்லை. கணவனைப் பிரியப்போவதும் தெரியவில்லை. மூளையியலில் முனைவர் பட்டம் பெற்ற லிசா ஜெனோவாவின் 'ஸ்டில் ஆலிஸ்' இன்னும் கடுமையானது. 2007இல் சொந்தச் செலவில் வெளிவந்து, 2009இல் பெரிய பதிப்பகத்தின் கைக்குப் போய், 2014இல் படமாகி, அதில் நடித்த ஜூலியான் மூருக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த நாவல் அது. ஹார்வர்டில் மொழியையும் மனத்தையும் ஆராயும் பேராசிரியை ஆலிஸ், 50 வயதில் அல்சைமர் நோய்க்கு ஆளாகிறார். சொல்லே தொழிலான பெண்ணிடமிருந்து சொல் ஒவ்வொன்றாய்க் கழன்றுகொள்கிறது.

கரோலின் காட்டிலிருந்து ஆலிஸ் ஒரு மான்குட்டியோடு சில பக்கங்களில் வெளியே வந்துவிடுகிறாள். ஜெனோவாவின் ஆலிஸுக்கு வெளியே வரும் வழி இல்லை. டியூயி இவ்விரண்டையும் 823, 813 என்று வேறுவேறு எண்களில் நிறுத்துகிறார். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஒன்று மற்றொன்றின் உரை என்பது தெரியும். இவ்வடுக்கு வேண்டும் என்பதற்கு உள்ள காரணங்களுள் விளையாட்டு இல்லாதது இது ஒன்றே எனலாம்.

ஆகுபெயர்

ஊரின் பெயர் ஊராரைக் குறித்தால் அது இடவாகுபெயர். ஆளின் பெயர் ஊருக்கு ஆகி, ஊரின் பெயர் நூலுக்கு ஆவதும் உண்டு. அதற்கு எடுத்துக்காட்டு நெவில் ஷூட் 1950இல் எழுதிய 'எ டவுன் லைக் ஆலிஸ்'. ஷூட் விமானப் பொறியாளர். முழுப்பெயர் நெவில் ஷூட் நார்வே. மலாயாவில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, ஊர் ஊராக நடத்தப்பட்ட ஆங்கிலப் பெண்களில் ஒருத்தியான ஜீன் பாஜெட் கதையின் நாயகி. போருக்குப் பின் அவள் ஆஸ்திரேலியாவின் ஒரு பட்டிக்காட்டில் முதலைத் தோல் செருப்புப் பட்டறையும் ஐஸ்கிரீம் கடையும் வைத்து, அதை 'ஆலிஸ்' போன்ற ஊராக்கப் பாடுபடுகிறாள். ஆலிஸ் என்பது இங்கே ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊர்.

அந்த ஊரின் பெயர் வந்த வழி வருமாறு. தென் ஆஸ்திரேலியாவில் தந்தித்துறைத் தலைவராயிருந்த சார்லஸ் டாட், கண்டத்தின் குறுக்கே 1872இல் முடிந்த தந்திப் பாதையை அமைத்தவர். பாதையில் ஒரு நிலையம் அமைந்த நீர்நிலைக்கு அவர் மனைவி ஆலிஸின் பெயரை வைத்தனர். ஆற்றுக்கு டாட் என்றே பெயர். ஸ்பிரிங்ஸ் என்றாலும் அங்கே ஊற்று இல்லை. ஆற்றுப்படுகையில் தேங்கும் நீரே ஊற்று என்று கருதப்பட்டது. ஆறும் பெரும்பாலும் மணலே. அந்த மணலில் ஆண்டுதோறும் அடியில்லாப் படகுகளைத் தூக்கிக்கொண்டு ஓடும் படகுப்போட்டி நடக்கிறது. 1993இல் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதால் போட்டி நிறுத்தப்பட்டது. கண்ணாடிக் கதையில் ஓரிடத்திலேயே நிற்க ஓயாமல் ஓடவேண்டியிருக்கும். ஆலிஸ் பெயர் கொண்ட ஊரும் அதற்குத் தகவே நடந்துகொள்கிறது.

ஊரின் அலுவல் பெயர் நெடுங்காலம் ஸ்டூவர்ட் என்றே இருந்தது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்று மாறியது 1933இல். கோலன் பகுப்பு வெளிவந்ததும் 1933இல். 'த ஆட்டோபயாகிராஃபி ஆஃப் ஆலிஸ் பி. டோக்லஸ்' வந்ததும், பாரமவுண்ட் நிறுவனம் ஆலிஸ் கதையைப் படமாக எடுத்து வெளியிட்டதும் 1933இலேயே. இவ்வளவையும் தற்செயல் என்று தள்ளுவது சோம்பேறித்தனம். இதே போக்கில், 1955இல் உடம்பு பெருத்தும் சிறுத்தும் தோன்றும் கோளாறுக்கு 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட் சிண்ட்ரோம்' என்று பெயரிட்ட ஆங்கில மனநல மருத்துவரின் பெயர் ஜான் டாட் என்பதையும் குறித்துக்கொள்க. ஆஸ்திரேலியத் தந்திக்காரருக்கும் ஆங்கில மருத்துவருக்கும் பொதுவாக உள்ளவை குடும்பப்பெயர் ஒன்று, ஆலிஸ் ஒன்று.

எழுதுகோல் விதி

இத்துறையின் தலையாய விதி இது: தலைப்பில் ஆலிஸ் இருந்தால் எழுதுகோல் வேறொருவர் கையில் இருக்கும், ஆலிஸ் எழுதுகோலை எடுத்தால் தலைப்பிலிருந்து அவள் பெயர் போய்விடும்.

முதற்சான்று பாரிஸில். ஆலிஸ் பி. டோக்லஸ், சான் பிரான்சிஸ்கோவில் 1877இல் பிறந்தவர். எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைனின் வாழ்க்கைத் துணை. பிக்காசோவும் மத்தீசும் வந்துபோன வீட்டில், ஸ்டைன் மேதைகளோடு உட்கார்ந்திருக்க, டோக்லஸ் மேதைகளின் மனைவிமாரோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய தன்வரலாற்றை ஸ்டைன் எழுதினார். டோக்லஸ் தாமே பேசுவதுபோல் நடக்கும் நூல், கடைசிப் பக்கத்தில்தான் எழுதியது ஸ்டைன் என்று ஒப்புக்கொள்கிறது. ஸ்டைனின் நூல்களில் நன்றாக விற்றது அதுதான். கோபித்த ஓவியர்கள் 1935இல் சேர்ந்து மறுப்பு வெளியிட்டார்கள். மத்தீசு, பிராக் எல்லாம் அதில் உண்டு. ஆலிஸ் மறுப்பு எதுவும் வெளியிடவில்லை.

ஸ்டைன் 1946இல் இறந்தார். 1954இல் 'த ஆலிஸ் பி. டோக்லஸ் குக் புக்' வந்தது. விதிக்கு இது நேர் எதிரான சான்று என்று கொண்டாடுவோர் உண்டு. நூலை எழுதியது உண்மையிலேயே டோக்லஸ்தான். மீனைக் கொல்வதையே கொலைக் கதைபோல் எழுதிய கை அவருடையது. ஆனால் அந்நூலில் உலகம் நினைவில் வைத்திருக்கும் பக்கம் எது? கஞ்சா சேர்த்த இனிப்பின் செய்முறை. அதை எழுதித் தந்தவர் நண்பர் பிரையன் கைசின். நண்பர்கள் தந்த குறிப்புகளோடு அதுவும் உள்ளே புகுந்து, பிரிட்டிஷ் பதிப்பில் தப்பித்து, முதல் அமெரிக்கப் பதிப்பில் மாட்டிக்கொண்டு நீக்கப்பட்டது. 1968இல் அந்த இனிப்பைச் சுற்றி எடுத்த திரைப்படத்துக்கு 'ஐ லவ் யூ, ஆலிஸ் பி. டோக்லஸ்' என்று பெயர். ஆலிஸ் தாமே எழுதிய நூலிலும் புகழ் தேடித் தந்த பக்கம் அடுத்தவர் எழுதியது. 1963இல், 86ஆம் வயதில், தம் உண்மையான தன்வரலாற்றை டோக்லஸ் எழுதி வெளியிட்டார். தலைப்பு 'வாட் இஸ் ரிமெம்பர்ட்'. அதில் ஆலிஸ் இல்லை. அவர் எழுதாத தன்வரலாறு அடுக்கில் இருக்கிறது. எழுதியது வெளியே நிற்கிறது. விதிகள் இவ்வளவு துல்லியமாக நடந்துகொள்வது இயற்பியலிலும் அரிது.

இரண்டாம் சான்று சிகாகோவில். மேரி ஹேஸ்டிங்ஸ் பிராட்லி என்ற எழுத்தாளர் தம் சிறு மகளை ஆப்பிரிக்கப் பயணத்துக்கு அழைத்துப்போய், அதைக் குழந்தை நூல்களாக எழுதினார்: 1927இல் 'ஆலிஸ் இன் ஜங்கிள்லேண்ட்', 1929இல் 'ஆலிஸ் இன் எலிஃபண்ட்லேண்ட்'. தாய் எழுதிய புத்தகத்தில் தன் பெயரைப் பார்த்து வளர்ந்த பெண் பின்னாளில் ராணுவ உளவுப் பிரிவில் வேலை பார்த்தார். 1967இல் உளவியலில் முனைவர் ஆனார், இம்முறை ஆய்வேடு எழுதி. பிறகு அறிவியல் கதை எழுதத் தொடங்கினார். ஆலிஸ் ஷெல்டன் என்ற தம் சொந்தப் பெயரில் எழுதவில்லை. கடையில் பார்த்த டிப்ட்ரீ ஜாம் சீசாவிலிருந்து ஒரு பெயரை எடுத்து, ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் ஆனார். 1975இல் சக எழுத்தாளர் ராபர்ட் சில்வர்பெர்க், இவ்வளவு ஆண்மை ததும்பும் நடை பெண்ணுடையதாக இருக்கமுடியாது என்று முன்னுரையே எழுதினார். அடுத்த இரண்டு ஆண்டுக்குள் உண்மை வெளிவந்துவிட்டது. ஆலிஸ் எழுதுகோலை எடுத்தபோது தலைப்பிலிருந்து மட்டுமன்றி, அட்டையிலிருந்தே பெயர் போன நிலை இது. 2006இல் ஜூலி பிலிப்ஸ் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் துணைத்தலைப்பில் 'ஆலிஸ் பி. ஷெல்டன்' திரும்பி வந்தது. அதையும் எழுதியவர் வேறொருவர்.

இதன்பின் ஆலிஸ் ஜேம்ஸ். உளவியலாளர் வில்லியம், நாவலாசிரியர் ஹென்ரி ஆகியோரின் தங்கை. நோயாளியாகக் கட்டிலில் கிடந்தபடி 1889 முதல் 1892இல் இறக்கும்வரை நாட்குறிப்பு எழுதினார். கடைசிப் பகுதிகளைச் சொல்லச் சொல்லத் தோழி காதரின் லோரிங் எழுதினார். லோரிங் 1894இல் நான்கே நான்கு பிரதிகள் அச்சிட்டார். அண்ணன் ஹென்ரி தம் பிரதியை அழித்தார். 1934இல் பொதுமக்களுக்கு வந்தபோது தலைப்பு 'ஆலிஸ் ஜேம்ஸ்: ஹெர் பிரதர்ஸ், ஹெர் ஜர்னல்'. நாட்குறிப்புக்கு முன்னால் சகோதரர்கள். நாட்குறிப்பு என்று தனியே நிற்க 1964 ஆகவேண்டியிருந்தது. எழுதிய ஆலிஸ் தலைப்பிலும் நிற்பது விதிக்கு உண்மையான விலக்கு. அதற்கு அவர் கொடுத்த விலை 72 ஆண்டு. 1993இல் சூசன் சோன்டாக் அவரை மறுபடி கட்டிலில் கிடத்தி, 'ஆலிஸ் இன் பெட்' நாடகத்தில் கரோலின் பித்தர் தேநீர் விருந்தையும் சேர்த்துவிட்டார். அடுக்கின் இரு முனைகளைக் கட்டிப்போட்ட முடிச்சு அந்த நாடகம்.

1971இல் வந்த 'கோ ஆஸ்க் ஆலிஸ்' விதியை எல்லைவரை இழுத்துக் காட்டுகிறது. போதையில் சீரழிந்த பதின்வயதுப் பெண்ணின் உண்மையான நாட்குறிப்பு என்று விற்றது, ஆசிரியர் 'பெயரிலி'. பதிப்புரிமைப் பதிவில் ஆசிரியராக இருப்பது பியட்ரிஸ் ஸ்பார்க்ஸ் என்ற, ஐம்பதைக் கடந்த பெண்மணி. இதில் நாட்குறிப்பு எழுதும் பெண்ணுக்குப் பெயரே கிடையாது. ஆலிஸ் என்பவள் வழியில் ஓரிடத்தில் தலைகாட்டும் வேறொருத்தி. தலைப்பு வந்தது 1967இல் ஜெஃபர்சன் ஏர்பிளேன் குழு பாடிய, கரோலின் கதையை அடியொற்றிய ஒரு பாட்டிலிருந்து. எழுதியவளும் ஆலிஸ் அல்லள், எழுதியதாகச் சொல்லப்பட்டவளும் ஆலிஸ் அல்லள். ஆயினும் படித்த பலர் அவளை ஆலிஸ் என்றே அழைக்கிறார்கள்.

இடவைப்பு

எஞ்சியவற்றுள் ராபர்ட் கில்மோரின் 'ஆலிஸ் இன் குவாண்டம்லேண்ட்' (1995) மின்னணுக்களைக் கதாபாத்திரமாக்கிப் பாடம் சொல்வது. பிரையன் டால்பட்டின் 'ஆலிஸ் இன் சண்டர்லேண்ட்' (2007) ஓர் ஊர் வரலாற்றைச் சித்திரக்கதையாக்கியது. இரண்டும் அடுக்கை அகலப்படுத்துகின்றன, ஆழப்படுத்துவதில்லை.

இனி, அடுக்குக்குள் எதை எங்கே வைப்பது என்ற சிக்கல். அகர வரிசையும் ஆண்டு வரிசையும் பயன் தரவில்லை. தலைப்பில் ஆலிஸ் நிற்கும் இடத்தைக்கொண்டு தலையாலிஸ், இடையாலிஸ், கடையாலிஸ் என முச்சங்க முறையில் பிரிப்பதே தக்கது. பிரித்தவுடன் தென்படுவது, கடையாலிஸ் நூல்கள் துயர நூல்கள் என்பது. 'ஸ்டில் ஆலிஸ்' நோய். 'கோ ஆஸ்க் ஆலிஸ்' சாவு. 'எ டவுன் லைக் ஆலிஸ்' போர்ச்சிறை. ஒரே ஆசிரியரிடமும் இது பொருந்துகிறது. நியூயார்க்கர் இதழின் கால்வின் ட்ரில்லின் 1978இல் எழுதிய 'ஆலிஸ், லெட்ஸ் ஈட்' ஊர் ஊராகத் தின்று திரியும் கணவனையும், ஒரு நாளைக்கு மூன்று வேளைதான் சாப்பாடு என்று பிடிவாதம் பிடிக்கும் மனைவியையும் பற்றிய சிரிப்பு நூல். அந்த மனைவி 2001இல் இறந்தபின், 2006இல் அவர் எழுதியது 'அபவுட் ஆலிஸ்'. பெயர் முன்னாலிருந்து பின்னால் போயிற்று. அந்த ஆலிஸும் எழுதத் தெரிந்தவரே. அவர் குழந்தைகளுக்கு எழுதிய புத்தகத்தின் தலைப்பு 'டியர் புரூனோ'.

இவ்விதி ஒருவழிப்பட்டது என்பதை மறக்கலாகாது. தலையாலிஸ் எல்லாம் மகிழ்ச்சி என்று எவரும் சொல்லவில்லை. 1922இல் புலிட்சர் பரிசு பெற்ற டார்க்கிங்டனின் 'ஆலிஸ் ஆடம்ஸ்' அதற்குச் சான்று. வசதியான வீட்டுப் பெண்போல் நடிக்கும் ஏழைப் பெண், மாப்பிள்ளை ஆகக்கூடியவனை விருந்துக்கு அழைக்க, புழுக்கமான இரவில் சூடான பதார்த்தங்களும் பிரஸ்ஸல்ஸ் முளைக்கோசு வாடையும் சேர்ந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடுகின்றன. கடையில் ஆலிஸ் நின்றும் துயரம் இல்லாதவை இரண்டு. 'த நர்சரி ஆலிஸ்' தலைப்பில் கரோல் அப்பெயரை மேற்கோள் குறிக்குள் வைத்திருக்கிறார். துயரம் குறிக்கு வெளியே நின்றுவிட்டது. 'த அனொட்டேட்டட் ஆலிஸ்' நூலில் துயரம் உண்டு. வேடிக்கையை விளக்கவேண்டிய உரையாசிரியரின் துயரம் அது.

ஷூட்டின் நாவல் அமெரிக்காவில் 'த லெகசி' என்ற பெயரில் வெளியானது. சொல்லுக்குச் சொல் ஒரே கதை; தலைப்பில் ஆலிஸ் இல்லை. ஆகவே பிரிட்டிஷ் பிரதி கடையாலிஸ் வரிசையில் இருக்கும், அமெரிக்கப் பிரதி 813க்கோ 823க்கோ அனுப்பப்படும். அமெரிக்கப் பிரதி அட்டை கிழிந்து பைண்டிங்குக்குப் போய், பைண்டர் முதுகில் பிரிட்டிஷ் தலைப்பை எழுதி அனுப்பினால் அதை உள்ளே சேர்த்துக்கொள்ளலாம். தலைப்புப் பக்கத்தை மட்டும் யாரும் திறந்து பார்க்காமல் இருப்பது நலம்.